பெல்ட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்

கேள்வி: கனடாவில் சட்பரி பக்கம் இருக்கிறேன். போன வருடம் பழைய 600 சிசி ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் வண்டி) ஒன்று வாங்கினேன். ஒரே குளிர்காலத்தில் இரண்டு பெல்ட் போய்விட்டது, மூன்றாவதுக்கும் ஒரு பக்க ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது. புறப்படும்போது வண்டி ஒரு உதறு உதறுகிறது. கடையில் கிளட்ச் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நானே பிரித்துப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். இரண்டையும் புதிதாகப் போடச் சொன்னவர்கள் கவரையாவது கழற்றிப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். தேய்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்னச் சாமான்கள்தான், பெல்ட்டை இருபுறமும் பிடிக்கும் தட்டுகள் அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஊரில் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டியிருந்தால் உங்களுக்கு இது புதிதில்லை. எஞ்சின் பக்கம் ப்ரைமரி கிளட்ச், ட்ராக் (பனிமேல் சுழன்று வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை) பக்கம் செகண்டரி, நடுவில் பெல்ட். எஞ்சின் வேகம் ஏற ஏற ப்ரைமரிக்குள் இருக்கும் வெயிட்டுகள் வெளியே விரிந்து, ரோலர்மேல் அழுந்தி, நகரும் தட்டை ஸ்ப்ரிங்குக்கு எதிராகத் தள்ளுகின்றன. தட்டு பெல்ட்டை இறுக்கும், பெல்ட் மேலே ஏறும், வண்டி புறப்படும். இந்த நகர்வு எங்கே சிக்கினாலும் அடி வாங்குவது பெல்ட்தான்.

அதனால் முதலில் பழைய பெல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கினாற்போல் மெலிந்து எரிந்திருந்தால் அது கிளட்ச் குற்றமே இல்லை; ட்ராக் பனியில் உறைந்து ஒட்டிக்கிடக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருப்பீர்கள். உங்களுடையது ஒரு பக்க ஓரம் பிரிகிறது என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் இரண்டு கிளட்ச்சும் நேர்கோட்டில் இல்லை என்பதுதான். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் நைந்திருந்தாலும் எஞ்சின் திரும்பி இப்படி ஆகும். அதைப் பார்க்காமல் புது கிளட்ச் போட்டால் நாலாவது பெல்ட்டுக்கும் இதே கதிதான்.

அப்புறம் அந்த உதறல். எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ப்ரைமரியின் நகரும் தட்டைப் பிடித்து ஆட்டுங்கள். மேலும் கீழும் ஆடினால் தட்டின் நடுவில் இருக்கும் புஷ் வளையம் போயிருக்கிறது. முறுக்கிப் பார்த்தால் கடகடவென்று முன்னும் பின்னும் போகிறதா? அது ஸ்பைடரில் (ப்ரைமரிக்குள் ரோலர்களைத் தாங்கும் பாகம்) இருக்கும் பட்டன்கள், அதாவது சின்னச் சறுக்குத் துண்டுகள், தேய்ந்ததால். கவரைக் கழற்றும் முன் கவர், தட்டு, ஸ்பைடர் மூன்றின் மேலும் பெயிண்டில் ஒரே கோடு போட்டுக்கொள்ளுங்கள், பேலன்ஸ் அதில்தான் இருக்கிறது. உள்ளே ஸ்ப்ரிங் அழுத்திக்கொண்டிருக்கும், போல்ட்டுகளை ஒவ்வொரு சுற்றாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள், கடைசிப் போல்ட்டில் முகத்தை நேரே வைக்காதீர்கள்.

ரோலரை விரலால் உருட்டும்போது ஒரு இடத்தில் தட்டையாக இடறினால், அங்கே தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெயிட்டின் வளைவில் நகத்தை ஓட்டும்போது பள்ளம் தட்டுப்பட்டால் அதுவும் தேய்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, செட்டாகத்தான் மாற்ற வேண்டும், எடையும் பழையதுக்கு ஒத்திருக்க வேண்டும். ஸ்ப்ரிங் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் நீளம் குறைந்திருக்கலாம். மேனுவல் அளவோடு வைத்துப் பாருங்கள். செகண்டரியில் சறுக்கும் பிளாஸ்டிக் துண்டுகளையும் பாருங்கள்.

ஒரே ஒரு வேலையில் அவசரப்படாதீர்கள். ப்ரைமரி கூம்பு வடிவ ஷாஃப்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். அந்த மாடலுக்கான புல்லர் (கிளட்ச்சைக் கழற்றும் கருவி) வாங்கித்தான் கழற்ற வேண்டும். என் முதல் வண்டியில் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், தட்டின் விளிம்பு கொஞ்சம் வளைந்து, மிச்சப்படுத்திய புல்லர் காசைவிடப் பல மடங்கு செலவானது. திரும்பப் போடும்போது கூம்பைத் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள், எண்ணெய் வேண்டாம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் மேனுவல் அளவுக்கு இறுக்கி, ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்பைடரைக் கழற்ற வேண்டி வந்தால் மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள், அது பெரிய டூல் கேட்கும் வேலை.

கேள்வி: கிளட்ச் கீச்சென்று கத்துகிறது, கிரீஸ் போடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! கிரீஸில் பெல்ட் தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும், தட்டில் பட்டால் பெல்ட்டும் வழுக்கும். பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து, தட்டின் முகத்தை நார் பேடால் லேசாகத் தேய்த்தாலே பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும். பெல்ட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள், அம்புக்குறி சுற்றும் திசையில் இருக்க வேண்டும். பெல்ட் இல்லாமல் எஞ்சினை மட்டும் முறுக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், ப்ரைமரி உடைந்து சிதறினால் கவர் தாங்காது.