ஃபிலடெல்பியாவின் மதர் பெத்தேல் சபை தன் சொந்த ஆலயத்தையே ஏன் ஏலத்தில் எடுக்க வேண்டிவந்தது?

சபையைப் பதிவுசெய்த சாசனத்தில் இருந்த சிக்கல்தான் காரணம்.

அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில், செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை ஆலயப் பொறுப்பாளர்கள் இழுத்து எழுப்பினார்கள். ஜெபம் முடிந்ததும் கறுப்பினத்தவர் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்டு ஆலன். அடிமையாகப் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தில் விடுதலை பெற்றவர். ஆறாம் தெருவும் லொம்பார்டு தெருவும் சந்திக்கும் இடத்தில் மனை வாங்கி, பழைய கொல்லுப்பட்டறை ஒன்றைக் குதிரைகள் பூட்டி இழுத்துவந்து அங்கே நிறுத்தினார். அதுவே மதர் பெத்தேல் ஆலயமானது. 1794இல் மெதடிஸ்ட் பிஷப் ஆஸ்பரி அதைப் பிரதிஷ்டை செய்தார்.

ஆனால் 1796இல் சபையைப் பதிவுசெய்தபோது, வெள்ளை மூப்பர் எழுதித் தந்த சாசனம் சொத்தை மெதடிஸ்ட் மாநாடு என்ற நிர்வாக அமைப்பின் பிடியில் வைத்துவிட்டது. சபையாருக்கு இது தெரியவே சுமார் பத்தாண்டுகள் ஆயின. நம்பிக் கையெழுத்திட்டவர்களுக்கு இழைத்த துரோகம் என்றே இதைச் சொல்வேன். 1807இல் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஒப்புதலோடு சாசனத்தைத் திருத்தினார்கள். சொத்து பற்றிய தகராறு அப்போதும் ஓயவில்லை. 1815இல் ஆலயம் ஏலத்துக்கு வந்தது. ஆலன் 10,000 டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தார். பட்டறையில் தொடங்கிய சபைக்கு அது எவ்வளவு பெரிய தொகை!

1816இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை உருவாகி, ஆலன் அதன் முதல் பிஷப் ஆனார். இப்போதிருப்பது அதே மனையில் எழுந்த நான்காவது கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் ஆலனின் கல்லறை இருக்கிறது.