மான்ட்செராட்டின் மார்ச் 17

கேள்வி: கரீபியன் கடலில் உள்ள மான்ட்செராட் தீவில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் அயர்லாந்தின் புனித பேட்ரிக் திருநாளை ஒரு வாரத்துக்குக் கொண்டாடுகிறார்களாம். தங்களை அடக்கி ஆண்டவர்களின் விழாவைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவது அடிமைப் புத்திதானே? ஐரிஷ்காரர்களும் அங்கே அடிமைகளாகத்தான் இருந்தார்கள் என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் தவறு. இரண்டாவதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது தவறு மட்டுமல்ல, இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

1630களில் அங்கே குடியேறிய ஐரிஷ் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். கஷ்டப்பட்டார்கள், ஆங்கிலேயர்களிடம் அவமானப்பட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். பிள்ளைக்கு அது தொடராது. ஆப்பிரிக்கருக்கு அப்படி இல்லை. சாகும்வரை அடிமை, அடிமைத் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் பிறக்கும்போதே முதலாளியின் சொத்து. 1678-ல் எடுத்த கணக்கில் ஐரிஷ்காரர்கள் 1,869 பேர், ஆங்கிலேயர் 761, ஸ்காட்லாந்துக்காரர் 52, அடிமைகள் 992. அடுத்த நூறு ஆண்டுகளில் கரும்பு பெருகியது, அடிமைகளின் எண்ணிக்கை வெள்ளையரைப் பலமடங்கு தாண்டியது. ஒப்பந்தம் முடிந்த ஐரிஷ்காரர்களில் ஒரு பகுதியினர் தாங்களே தோட்ட முதலாளி ஆனார்கள். கால்வே குடும்பத்தின் கரும்புத் தோட்டம் அந்தப் பெயராலேயே அறியப்பட்டது. இன்று தீவில் ரைலி, ஃபாரெல், ஸ்வீனி என்ற குடும்பப் பெயர்களைக் கேட்டதும் 'அடடா, ஐரிஷ் ரத்தம்' என்று மகிழ்பவர்கள், அடிமைக்கு முதலாளியின் பெயரே பெயரானதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கலப்பு உண்டு, மறுக்கவில்லை. எல்லாப் பெயரும் அதற்குச் சாட்சி ஆகாது.

இனி முதல் கேள்வி. அது யாருடைய விழா?

1768 மார்ச் 17. முதலாளிகள் விருந்தில் குடித்துக் களித்திருப்பார்கள் என்று தெரிந்தே அடிமைகள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநர் மாளிகையில் பரிமாறும் அடிமைகள் விருந்தினரின் வாள்களைக் கைப்பற்ற வேண்டும், வெளியே நிற்பவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு தாக்க வேண்டும் என்பது திட்டம். நாள் வருமுன்பே பேச்சு ஒரு தையல்காரியின் காதில் விழுந்து காட்டிக்கொடுக்கப்பட்டது என்பது தீவில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அடிமைகளில் ஒன்பது பேரை முதலாளிகள் தரப்பு கொன்றது. 1985-ல் மார்ச் 17 பொது விடுமுறை ஆனது இந்த ஒன்பது பேரை நினைத்துத்தான். தீவின் வரலாற்றாசிரியர் ஹோவர்ட் ஃபெர்கஸ் அதற்காக வாதாடியவர். முதலாளியின் பண்டிகை நாளையே தங்கள் கலக நாளாக மாற்றிக்கொண்டவர்களை அடிமைப் புத்திக்காரர் என்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடவுச்சீட்டில் பச்சைக் க்ளோவர் இலை முத்திரை குத்துவதும், கொடியில் யாழ் ஏந்திய பெண் இருப்பதும் உண்மை. சுற்றுலாவுக்கு 'கரீபியனின் மரகதத் தீவு' என்ற பெயர் நன்றாக ஓடுகிறது. ஆனால் விழாவில் பார்க்க வேண்டியது முகமூடி ஆட்டக்காரர்களை. உயர்ந்த கூம்புத் தொப்பி, அதில் மயிலிறகு. பிஷப்பின் தொப்பியைப் போல இருக்கிறது என்பார்கள். முகத்தில் கம்பிவலை முகமூடி, வெளுத்த நிறத்தில் தீட்டியது. உடை முழுக்க ரிப்பன், தைத்த சிறு கண்ணாடிகள். தலைவன் கையில் சாட்டை. அவன் அதைச் சொடுக்கும்போது, தோட்டத்துக் கங்காணியை ஆட்டத்துக்குள் இழுத்துவந்து நிறுத்துகிறான். காலடி குவாட்ரில் என்ற ஐரோப்பிய நடனத்துடையது, குழலும் ஒலிக்கும். ஆனால் ஆட்டத்தை நடத்துவது முரசின் தாளம், அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இரண்டையும் பிரித்து எடுத்துவிடலாம் என்று நினைத்தால் ஆட்டமே நின்றுவிடும்.

நமக்கும் இதில் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு: பெண்கள் உடுத்தும் கட்டம் போட்ட துணியின் பெயர் மெட்ராஸ். நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன கைத்தறிப் பருத்தி. மான்ட்செராட் தன் கட்டங்களுக்குப் பச்சை, வெள்ளை, செம்மஞ்சள் என்று நிறம் வைத்திருக்கிறது.

எரிமலையைச் சொல்லாமல் இந்த விழாவைப் பேசவே கூடாது. 1995 ஜூலையில் சூஃப்ரியேர் குன்றுகள் வெடிக்கத் தொடங்கின. 1997 ஜூன் 25-ல் 19 பேர் இறந்தனர். தலைநகர் பிளிமத் சாம்பலுக்குள் போனது. தெற்குப் பகுதி மூடப்பட்டது. புனித பேட்ரிக்கின் பெயர் கொண்ட கிராமமும் அங்கேதான் இருந்தது. பன்னிரண்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். மார்ச் வாரம் அவர்கள் ஊர் திரும்பும் வாரமும்கூட. போக நினைத்தால் ஆண்டிகுவாவிலிருந்து சுமார் 20 நிமிடம் பறக்கும் சிறு விமான இருக்கையை மாதங்களுக்கு முன்பே பிடியுங்கள். விமானம் சிறியது, ஊர் திரும்பும் கூட்டம் பெரியது.

போகாவிட்டாலும் ஆட்டுத் தண்ணீர் என்ற ஆட்டுக்கறிச் சாறு வைத்துப் பாருங்கள். தீவின் தேசிய உணவு. ஐரிஷ் ஸ்ட்யூவின் வாரிசு என்பார்கள். கிராம்பு வாசனையை முகர்ந்தால் பாதிதான் வாரிசு என்று தெரியும். எலும்போடு 2 கிலோ வெள்ளாட்டுக்கறியை இரண்டு அங்குலத் துண்டாக்கி, எலுமிச்சைச் சாற்றில் கழுவி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, நுரையை எடுத்துக்கொண்டே கொதிக்கவிடுங்கள். அரை வேக்காட்டில் வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், தைம் என்ற மூலிகை ஒரு கொத்து, வெங்காயத்தாள், பொடித்த கிராம்பு ஒரு தேக்கரண்டி, ஜாதிபத்திரி அரைத் தேக்கரண்டி, உப்பு. ஸ்காட்ச் பானெட் என்ற கடுங்காரக் கரீபிய மிளகாயை முழுசாகப் போடுங்கள். கரண்டியால் கிளறும்போது அது உடைந்தால் சட்டி முழுக்க வாய் வைக்க முடியாது, அதனால் கடைசி அரைமணி நேரத்தில் போட்டு, பரிமாறுமுன் எடுத்துவிடுவதே நல்லது. கறி எலும்பைவிட்டு விலகும்போது மூன்று மேசைக்கரண்டி மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, கருக்கிய சர்க்கரையால் நிறம் கொடுத்து, மாவு வாசம் போகப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். வழக்கமாக எல்லோரும் இங்கேதான் கெடுப்பார்கள்: மாவு கூடினால் குழம்பாகிவிடும். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. கரண்டியில் எடுத்தால் சொட்ட வேண்டும். கிண்ணத்தில் ஊற்றி, மொறுமொறுப்பான ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள்.