பாட்டுக்கு கிளிக்கைப் பொருத்துவது எப்படி? சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

ஏற்கெனவே பதிவான ஒரு பாட்டோடு சேர்ந்து வாசிக்க, வீட்டு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் மெட்ரோனோமை (சீராக ‘கிளிக்’ என்று தட்டித் தாளம் காட்டும் வசதியை) எப்படிப் பொருத்துவது என்று சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் வேலை செய்வது ரீப்பர் என்ற சாஃப்ட்வேரில். அதனால் பொத்தான் பெயர்கள் அதிலிருந்து வரும். மற்ற சாஃப்ட்வேர்களிலும் வழி பெரும்பாலும் இதேதான்.

அஸ்தம்பட்டி, கிடார் பழகுபவர்: அண்ணா, ஒரு சினிமாப் பாட்டின் எம்பி3-ஐப் போட்டு டெம்போவை 90 என்று வைத்தேன். பல்லவியில் கிளிக் கச்சிதமாக விழுகிறது. இரண்டாவது சரணம் வருவதற்குள் பின்தங்கிவிடுகிறது. என்ன தப்பு?

தம்பி, பாட்டு 90-ல் இல்லை, 90.5-ல் இருக்கிறது. பிபிஎம் என்பது நிமிஷத்துக்கு எத்தனை பீட் என்ற டெம்போ எண். அரை பிபிஎம்தானே என்று தோன்றும். நாலு நிமிஷப் பாட்டில் அந்த அரை, இரண்டு முழு பீட் ஆகிவிடும். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் டெம்போ எண்ணில்தான் பிசகு. முதல் பீட்டிலிருந்தே ஒரே அளவு தள்ளி நின்றால் அது வேறு கோளாறு, கீழே வருகிறது. எந்தப் பிரச்சினைக்கும் முதலில் இதைப் பாருங்கள்: விலகல் வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா?

காதால் கேட்டு, கையால் தட்டிக் கண்டுபிடிக்கும் டேப் (tap) டெம்போ தோராயத்துக்குத்தான். சரியான எண் வேண்டுமென்றால் நீளமாக அளக்க வேண்டும். டிரம்ஸோ தபலாவோ தெளிவாக விழும் ஒரு பாரின் (இந்தப் பாட்டில் நாலு பீட் கொண்ட ஒரு சுற்றின்) முதல் பீட்டில் கர்சரை வையுங்கள். ரீப்பரில் கம்ப்யூட்டர் கீபோர்டின் டேப் (Tab) பொத்தானை அழுத்தினால் கர்சர் அடுத்த அடிக்குத் தாவும், அலையைப் பெரிதாக்கி அடி எழும்பும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து 32 பார் எண்ணி, 33-வது பாரின் முதல் பீட் வரை தேர்ந்தெடுங்கள். அதாவது 128 பீட். அந்த நீளம் 84.86 விநாடி என்று வந்தால், 128-ஐ 60-ஆல் பெருக்கி 84.86-ஆல் வகுக்க வேண்டும். 90.5 கிடைக்கும். 32-வது பாரின் கடைசி அடியோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். எண்ண வேண்டியது அடிகளை அல்ல, அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை.

ஏன் இவ்வளவு நீளம்? உங்கள் கை 50 மில்லிசெகண்ட் பிசகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே பாரை அளந்தால் அந்தப் பிசகு ஒன்றரை பிபிஎம்முக்கு மேல் காட்டும். 32 பாரை அளந்தால் 0.05 பிபிஎம்தான். கணக்குப் போடப் பிடிக்காவிட்டால், தேர்ந்தெடுத்ததும் மேலே ரூலரில் வலது கிளிக் செய்து, தேர்வின் நீளத்திலிருந்து ப்ராஜெக்ட் டெம்போவை வைக்கும் கட்டளையைக் கொடுங்கள். பார் எண்ணிக்கையை மட்டும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எம்பி3 ஆக்கும்போதே கோப்பின் தலையில் சிறு மௌனம் சேர்ந்துவிடும். கோப்பை பூஜ்யத்தில் ஒட்டி வைத்தால் முதல் பீட், திரையில் பார் தொடங்கும் கோட்டில் விழாது. கோப்பை நகர்த்தி, முதல் பாரின் முதல் அடியைக் கோட்டில் உட்காரவையுங்கள்.

அம்மாபேட்டை: வீட்டில் பாடிப் பதிவு செய்ததை சாஃப்ட்வேர் 144 என்கிறது. தபலா வாசிக்கும் என் மாமா 72 என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும். ஒன்று மற்றொன்றின் இரட்டிப்பு. மாமா சொல்வதை வையுங்கள், கால் எந்த வேகத்தில் தட்டுகிறதோ அதுதான் பாடகருக்கு வசதி. உங்கள் பக்கம் தறிச் சத்தம் பதிவில் ஏறியிருந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நம்பவே வேண்டாம். சீரான அடி எதுவாக இருந்தாலும் அதற்குத் தாளம்தான், தறியையும் தபலாவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

குகை, கீபோர்டு: டெம்போ சரிதான் சார், கடைசி வரை கிளிக் பாட்டோடு ஒட்டியே வருகிறது. ஆனால் நான் வாசித்துப் பதிவு செய்தது எல்லாம் ஒரே அளவு லேட்டாக விழுகிறது.

ஹெட்போன் ப்ளூடூத்தா? அப்படியென்றால் அதுதான் காரணம். உங்கள் காதுக்குச் சத்தம் வந்து சேர்வதற்கே 100, 200 மில்லிசெகண்ட் ஆகும். வயர் ஹெட்போனுக்கு மாறுங்கள். மாறியும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஹெட்போனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிவைத்து கிளிக்கையே பதிவு செய்யுங்கள். கோட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்து, செட்டிங்கில் ரெக்கார்டிங் ஆஃப்செட்டாகக் கொடுத்துவிடலாம். டெம்போவைத் தொடாதீர்கள்.

ஏற்காடு: எங்கள் தாத்தா ஆர்மோனியம் வாசித்துப் பாடிய கேசட் ஒன்று இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். கூடவே கிடாரும் பேஸும் சேர்த்து வீட்டு விசேஷத்துக்குப் போட ஆசை. எந்த டெம்போ வைத்தாலும் நாலு வரிக்கு மேல் நிற்பதில்லை. தாத்தா பாட்டை 80-க்கு இழுத்துக்கட்டி நேராக்கிவிடலாமா?

வேண்டாம்மா. தயவுசெய்து செய்யாதீர்கள். தாத்தா கிளிக் கேட்டுப் பாடவில்லை. வரி முடிவில் மூச்சு எடுக்கக் கொஞ்சம் நிற்பார், சரணத்தில் உற்சாகம் ஏறினால் வேகம் கூடும், அதில்தான் அவர் இருக்கிறார். அதை இழுத்து நேராக்கினால் குரலும் கரகரக்கும், ஆளும் காணாமல் போவார். கிளிக்தான் அவர் பின்னால் போக வேண்டும். அதற்கு டெம்போ மேப், அதாவது பாட்டில் எந்த இடத்தில் என்ன டெம்போ என்ற குறிப்பு, போட வேண்டும்.

அதற்கும் முன்னால் சுருதி. கேசட் பிளேயர்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகம் கூடினால் டெம்போவும் சுருதியும் சேர்ந்தே ஏறும். ஆர்மோனியத்தில் நீளமாகப் பிடித்த ஒரு சுரத்தை ட்யூனரில் காட்டுங்கள். 440 இருக்க வேண்டிய இடத்தில் 452 காட்டுகிறது என்றால், 440-ஐ 452-ஆல் வகுத்து 0.973 என்ற பிளேபேக் ரேட் கொடுங்கள். சுருதியைக் காப்பாற்றும் டிக்கை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஆர்மோனியமே அந்தச் சுருதியில் இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், பாட்டைத் தொடாமல் கிடாரை அதற்குக் கூட்டிக்கொள்வது இன்னும் நல்லது. எதுவானாலும் இதை முதலில் முடியுங்கள். மேப் போட்ட பிறகு வேகத்தை மாற்றினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து.

அப்புறம் அந்த ஆடியோவின் டைம்பேஸை டைம் என்று மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால், நீங்கள் டெம்போ மாற்றும்போதெல்லாம் தாத்தாவின் குரலும் கூடவே நகரும். இனி முதல் நாலு பாரைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், ஷிஃப்ட், சி மூன்றையும் அழுத்தினால் அந்த நீளத்துக்கு டெம்போ மார்க்கர் விழும். அடுத்த நாலு பார், மறுபடி. கிளிக்கோடு போட்டுக் கேளுங்கள். உறுத்துகிற இடத்தில் மட்டும் இன்னொரு மார்க்கர் சேருங்கள். ஒவ்வொரு பீட்டுக்கும் மார்க்கர் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் கிளிக் தத்தளிக்கும், அதைக் கேட்டு வாசிக்கிற பேஸும் பதறும்.

பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் முன் அவர் நிற்கிற இடம் கொஞ்சம் சிரமம். அந்த ஒரு பாரைத் தனியாகத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் மெதுவான டெம்போ கொடுங்கள், அல்லது அந்தப் பாரை 5 பீட் ஆக்கிவிடுங்கள். இரண்டையும் போட்டுப் பாருங்கள், எதில் கிடாருக்கு இயல்பாக மூச்சு வருகிறதோ அது. ஒரு மாலை முழுவதும் ஆகலாம். அந்தக் குரலுக்கு அது தகும்.

கொண்டலாம்பட்டி: ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயிலில் ஃபோனில் பதிவு செய்த நாதஸ்வரம், தவில். தவில் தனி வரும் இடத்தில் எது பீட் என்றே தெரியவில்லை. அடி எல்லா இடத்திலும் இருக்கிறது.

அலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இடம் இது. தவில்காரர் தாளத்தைத் தாண்டித்தான் வாசிப்பார், அதுதான் தனியின் அழகு. காதால் பிடியுங்கள். பதிவை ஓடவிட்டு, நீங்களே தாளம் போட்டு அந்தக் கைத்தட்டலை இன்னொரு டிராக்கில் பதிவு செய்யுங்கள். ஆதி தாளம் என்றால் சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) மட்டும் தட்டினால் போதும், எட்டு அட்சரத்துக்கு ஒரு தட்டு. முதல் தடவை தடுமாறும், இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு கை தானாகப் போய்ச் சமத்தில் விழும். அந்தத் தட்டல்களை வைத்து மேப் போடுங்கள். ஜால்ரா பதிவில் கேட்டால் இன்னும் சுலபம், அதுவே உங்களுக்குக் கிளிக்.

ஆலாபனைக்கு கிளிக் வேண்டாம். அந்தப் பகுதியை அப்படியே விட்டு, கீர்த்தனை தொடங்கும் இடத்தில் முதல் பாரை வையுங்கள்.

சூரமங்கலம்: மிஸ்ர சாபுவுக்கு மெட்ரோனோமில் என்ன வைப்பது?

7/8. அழுத்தம் 3, 2, 2. ஒன்றை மட்டும் கவனியுங்கள், பெரும்பாலான சாஃப்ட்வேரில் பிபிஎம் என்பது கால் நோட்டின் கணக்கு. நீங்கள் எண்ணுவது எட்டில் ஒன்று என்பதால், நிமிஷத்துக்கு 200 எண்ணினால் டெம்போ 100. கும்மி மாதிரி 6/8-ல் போகும் பாட்டுக்கும் இதே கவனம் வேண்டும். நிமிஷத்துக்கு 80 முறை காலால் தட்டினால், ஒவ்வொரு தட்டிலும் மூன்று எட்டு இருப்பதால், டெம்போ பெட்டியில் 120 வரும்.

கன்னங்குறிச்சி: 90-ல் பாடியதாகச் சொல்லி நண்பர் குரலை அனுப்பினார். என் ப்ராஜெக்டில் போட்டால் 98 போல ஓடுகிறது, சுருதியும் ஏறிவிட்டது.

48-ஐ 44.1-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.088. உங்கள் 98-ஐ 90-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்று பதிவானதை ஏதோ ஒன்று 48,000 என்று நினைத்து ஓட்டுகிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் பக்கத்துக் கட்டைக்கு உள்ள இடைவெளி ஒரு செமிடோன்) கூடியிருக்கும். இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), ப்ராஜெக்ட் இரண்டிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோப்பை வேவ் வடிவில் மறுபடி வாங்குங்கள்.

ஐந்து ரோடு: மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டுக்கு 32 பார் அளக்கும் வழி சரிவருமா?

வராது. ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்தார்கள். பாட்டுக்குப் பாட்டு மட்டுமில்லை, பல்லவிக்கும் சரணத்துக்குமே டெம்போ மாறும். தாத்தா கேசட்டுக்குச் சொன்ன வழிதான் இதற்கும்.

ஓமலூர்: ஆடாசிட்டி சாஃப்ட்வேர் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

டெம்போ மாறாத பாட்டுக்குப் போதும். எண்ணைக் கண்டுபிடித்து, ரிதம் டிராக் உருவாக்கி, முதல் அடியோடு சேர்த்து நகர்த்தி வையுங்கள். மாறுகிற பாட்டுக்கு அதில் டெம்போ மேப் கிடையாது. அதற்குப் பதில் கொண்டலாம்பட்டிக்காரருக்குச் சொன்னபடி உங்கள் கைத்தட்டலைப் பதிவு செய்து, அதையே கிளிக்காகக் காதில் கேட்டு வாசியுங்கள். முடிந்ததும் அந்த டிராக்கை ம்யூட் செய்துவிடலாம்.