மகனை ஸ்வீடன் அனுப்பலாமா? குடியாத்தத்து அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் ஒன்பதாவது படிக்கிறான். ஞாயிறுதோறும் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வேலூரில் ஒரு கிளப்பில் கால்பந்து ஆடுகிறான். அந்த கிளப்பின் சிறுவர் அணி அடுத்த ஜூலையில் ஸ்வீடனில் நடக்கும் கோத்தியா கோப்பைக்குப் போகிறது, தலைக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள். அவன் அப்பாவின் தறி வருமானத்தில் அது ஆகாது. "நகையை வைத்தாவது அனுப்பிவிடலாமா சார்? இதை விட்டால் அவன் எதிர்காலம் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதிர்காலம் போகாது அம்மா. நகையை வைக்காதீர்கள். அதற்காக 'வேண்டாம்' என்று பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடவும் வேண்டாம்.

கோத்தியா கோப்பை போலிப் போட்டி அல்ல. கோதன்பர்க் நகரில் 1975-லிருந்து நடக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வகுப்பறைகளில் மெத்தை போட்டுப் படுத்து, அங்கேயே சாப்பிட்டு, ஒரு வாரம் ஆடுகிறார்கள். முதல் சுற்றில் பின்தங்கிய அணியும் உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை. அதற்கென்று 'பி' பிரிவு ஆட்டங்கள் உண்டு. மண் தரையில் பழகிய பிள்ளை செயற்கைப் புல்லில் ஆடும்போது பந்து அவன் நினைத்ததைவிட வேகமாக ஓடும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இதெல்லாம் ஒரு பிள்ளைக்குப் பெரிய அனுபவம். நம் நாட்டுப் பையன்கள் அங்கே ஜெயித்ததாக கோச் காட்டினார் என்று நீங்கள் எழுதிய வீடியோவும் உண்மைதான். மொகாலியின் மினர்வா அகாடமி பையன்கள் 2023-லும் 2025-லும் அங்கே தங்கள் வயதுப் பிரிவில் கோப்பை வாங்கினார்கள். ஆனால் அவர்கள் அகாடமியிலேயே தங்கி, தினமும் ஆடுகிறவர்கள். நம் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவன்.

உங்களுக்குச் சரியாகச் சொல்லப்படாத விஷயம் ஒன்று இருக்கிறது. பணம் கட்டிப் பதிவு செய்கிற கிளப்புகள் ஆடும் போட்டி இது. 'உங்கள் பையன் தேர்வாகியிருக்கிறான்' என்றால் கோச் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம், நாடு தேர்ந்தெடுத்ததாக அல்ல. நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் பளுதூக்குதலில் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, அது இந்தியாவுக்காக. வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இந்த வித்தியாசத்தைத்தான் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு உண்டு, பொறியியல் கலந்தாய்விலும் தனியாக இடம் உண்டு. அங்கே அவர்கள் கேட்பது படிவம் 1, படிவம் 2 போன்ற சான்றுகள். நாட்டுக்காக ஆடினால் ஒன்று, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் இரண்டு. கிளப் பெயரில் வெளிநாடு போய் வந்த சான்றிதழ், எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும், அந்த வரிசையில் நிற்காது. சான்றிதழை ஃபைலில் வைத்துக்கொண்டு அலைந்து, கடைசியில் என்னிடம் வந்து அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் வரும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறித்தான் தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் போக முடியும். ஸ்வீடன் பயணம் அந்தத் தேதியோடு மோதினால், கணக்கில் வராத ஆட்டத்துக்காகக் கணக்கில் வரும் ஆட்டத்தை விட்டதாகிவிடும். பி.இ.டி. சாரிடம் இந்த ஒரு கேள்வியை இப்போதே கேளுங்கள். பத்தாவது பொதுத்தேர்வு வருடமாயிற்றே என்ற உங்கள் பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. தேர்வு மார்ச் வாக்கில்தான், ஜூலையில் போகும் இரண்டு வாரத்தைப் பிள்ளை பிடித்துவிடுவான்.

"அங்கே பெரிய கிளப்காரர்கள் பார்த்துக் கையோடு எடுத்துக்கொள்வார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயது ஆகாத வீரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாறக் கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு. பெற்றோர் வேறு காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருந்தால், என்பது மாதிரி. நம் வீட்டுக்கு அவை பொருந்தாது.

சரி, அப்போது என்ன செய்யலாம்? கிளப்பிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்று லட்சத்தில் விமான டிக்கெட் எவ்வளவு, தங்குமிடமும் சாப்பாடும் எவ்வளவு, விசா எவ்வளவு? விசா மறுத்துவிட்டால் எவ்வளவு திரும்பும்? பிள்ளைகளோடு போகும் பெரியவர்கள் எத்தனை பேர், அவர்கள் செலவும் நம் தலையில்தானா? நல்ல கிளப் என்றால் இதற்குக் கோபப்படாது. பிறகு, பணத்துக்கு ஸ்பான்சர் தேடுவது கிளப்பின் வேலையும்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகள், ரோட்டரி, லயன்ஸ் என்று அவர்கள் படியேற வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு உதவும் அரசின் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். பாதிக்கு மேல் அப்படி வந்து, மீதி உங்கள் சேமிப்புக்குள் அடங்கினால் சந்தோஷமாக அனுப்புங்கள். அடங்காவிட்டால் இந்த வருடம் வேண்டாம், அந்த நாட்களில் அவன் குறுவட்டம் ஆடட்டும்.

போனாலும் போகாவிட்டாலும் பாஸ்போர்ட்டை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள். சிறுவர்களுக்குக் கட்டணம் 1000 ரூபாய்தான், செலவு வீணாகாது. பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். முன்பு என்னிடம் வந்த ஒரு பையனின் சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருந்தது. 'ஆண்' என்று மட்டும் போட்டு, கீழே அப்பா பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆதாரில் முன்னால். பெயரை ஏற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக்கி முடிப்பதற்குள் விசாவுக்கான நாள் போய்விட்டது. அணி அவனை விட்டுவிட்டுப் போனது. அன்று மாலை கிரவுண்டில் அவன் தனியாகச் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

கிளப் தரும் பதிலையும் அந்தச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, அவன் அப்பாவோடு ஒரு சனிக்கிழமை வாருங்கள் அம்மா. தம்பியையும் கூட்டி வாருங்கள். அவனை வைத்துக்கொண்டே பேசி முடிவெடுப்போம்.