அந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டை

கேள்வி: அக்கா, நாசரேத் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். இரண்டு கிட்னியும் பழுதாகி, ஒன்றரை வருஷம் டயாலிசிஸ் செய்து, போன ஆகஸ்டில் இறந்துபோனார். கடையை மூடிவிட்டேன். இப்போது தையல் மெஷின்தான் சோறு போடுகிறது. மகனுக்கு 15 வயது, மகளுக்கு 10. அப்பா போனதிலிருந்து பையன் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவதில்லை. கூப்பிட்டால், “ராத்திரி பகலா ஜெபம் பண்ணினோமே, என்ன ஆச்சு?” என்கிறான். அவர் இறந்த வருஷம் புத்தாண்டு ஆராதனையில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம், “வாதை உன் கூடாரத்தை அணுகாது”. அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டான். ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், இந்த வீட்டில் விசுவாசம் குறைவு என்று அவன் காதுபடவே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் வர மாட்டான். கோயிலுக்கென்று எடுத்து வைக்கும் பிடி அரிசி டப்பாவை மட்டும் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். இந்த வருஷம் திடப்படுத்தல் வகுப்பில், அதாவது பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடத் தயாராகும் வகுப்பில், சேர்க்க வேண்டும். அப்பா இல்லாத பிள்ளையை எப்படி விசுவாசத்தில் வளர்ப்பேன்?

பதில்: அன்புத் தங்கைக்கு, அந்த அட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, வீட்டுக்கு வந்ததும் சுவரில் ஒட்டுவது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. என் வீட்டிலும் ஒட்டியிருக்கிறது. ஆனால் நோயாளி படுத்திருக்கும் வீட்டில், சின்னப் பையன் ஒருவன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஆண்டவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் என்றுதான் எடுத்துக்கொள்வான். பத்திரம் பொய்த்துவிட்டது, கிழித்தான். நானாக இருந்தாலும் கிழித்திருப்பேன்.

அந்த 91-ஆம் சங்கீதத்தை வேதத்தில் இன்னொருவனும் எடுத்துக் காட்டுகிறான் என்பதை அவனிடம் சொல்லுங்கள். மத்தேயு 4-இல், தேவாலயத்து உச்சியில் இயேசுவை நிறுத்தி, “குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள்” என்று பிசாசு சொல்கிறதே, அது அதே சங்கீதத்தின் 11, 12-ஆம் வசனங்கள். இயேசு குதிக்கவில்லை. அட்டையில் அச்சடிக்காத 15-ஆம் வசனத்தில் “ஆபத்தில் நானே அவனோடிருந்து” என்று வருகிறது. ஆபத்தே வராதென்றால் ஆபத்தில் கூட இருப்பேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? உங்கள் பையன் கெட்டிக்காரன், “அதே வசனத்தில் தப்புவிப்பேன் என்றும் இருக்கிறதே” என்பான். கேட்கட்டும். அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. உங்களிடமும் இல்லையென்றால் இல்லையென்றே சொல்லுங்கள். அம்மா சமாளிக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் மறுபடி கேட்க மாட்டான்.

அந்த ஊழியரைப் பற்றி ரொம்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. வேதத்தில் துன்பப்பட்ட யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள், பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. உங்கள் ஊரிலிருந்து டோனாவூர் ஒன்றும் தூரம் இல்லை. அங்கே அத்தனை பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்தவர், 1951-இல் கண்மூடும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் கிடந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று அந்த ஊழியர் சொல்லிவிடுவாரா? அந்த ஊழியர் உங்கள் வீட்டில் சொன்னது தப்பு என்று மகனிடம் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் பேசாமல் நின்றிருந்தால், அம்மாவும் ஒத்துக்கொள்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

குடும்ப ஜெபத்துக்கு அவனை இழுக்காதீர்கள். சுருக்கிக்கொள்ளுங்கள். (என் அம்மா ஜெபிக்க ஆரம்பித்தால் ஊரில் உள்ள நோயாளிகளெல்லாம் வரிசையாக வருவார்கள். நாங்கள் மூன்று பேரும் சுவரில் சாய்ந்து தூங்கியே போவோம்.) ஒரு சங்கீதம், இரண்டு வரி ஜெபம், போதும். ஒரு நாள் 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியோ துதிக்கு வந்து சேரும். இது சேராது, இருட்டிலேயே நின்றுவிடும். அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே! சத்தமாக வாசியுங்கள். உங்கள் வீடு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்த அறையில் இருந்தாலும் அவன் காதில் விழும்.

இன்னொன்று கேட்கிறேன். அவன் முன்னால் நீங்கள் அழுததுண்டா? நம் அம்மாமார் அடுப்படியில் அழுதுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்து, வெளியே வந்து “எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்” என்போம். சிவந்த கண்ணைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். விசுவாசம் என்றால் இப்படி நடிப்பதுதான் போல என்று எண்ணிவிடுவான்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம், பிடி அரிசி. உலை வைக்கும்போது, அளந்த அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி அள்ளி டப்பாவில் போடுகிறீர்கள். கணவர் போய், கடையும் போய், ஜாக்கெட் தைத்து வரும் காசில் வாங்கிய அரிசியிலிருந்தும் போடுகிறீர்கள். அதை அவன் தினமும் பார்க்கிறான். கோயிலோடு கோபம் என்றால் டப்பாவையும் தொடாமல் இருந்திருக்கலாம். வாரம் தவறாமல் கொண்டுவருகிறான்.

தயவுசெய்து இதை அவனிடம் எடுத்துச் சொல்லி, “பார்த்தாயா, உனக்குள்ளும் விசுவாசம் இருக்கிறது” என்று பிரசங்கம் பண்ணிவிடாதீர்கள். அடுத்த வாரம் டப்பா வராது. வாங்கிக்கொண்டு, வெயிலாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அப்பா இல்லாத பிள்ளை என்கிறீர்கள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் சொல்லும் பெயர்கள் இரண்டு, பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள். அப்பா கிரேக்கன் என்பதற்கு மேல் அப்போஸ்தலர் புத்தகத்திலும் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு அப்பா 14 வருஷம், 9 வருஷம் இருந்திருக்கிறார். கடைப் பற்று நோட்டு வீட்டில் இருக்கிறதா? எடுத்து வைத்து, மகனோடு உட்காருங்கள். வரவேண்டிய பணம் இருக்கும், உங்களுக்கும் அது வேண்டும், கொடுக்க முடிந்தவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்பா கேட்காமலே விட்ட கணக்குகளும் அதில் இருக்கும், எந்த ஊர்க் கடை நோட்டிலும் இருக்கும். யாரிடம் கேட்பது, யாரை விடுவது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். சிலரைப் பற்றி, “அப்பா இவங்களை ஏன் விட்டார்?” என்பான். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசு என்று உபாகமம் 6-இல் இருப்பது இந்த மாதிரிப் பேச்சைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

திடப்படுத்தலுக்கு இந்த வருஷம் பெயர் கொடுக்காதீர்கள். பேராயர் முன் நின்று சொல்லும் வாக்கு அவன் வாயிலிருந்து வர வேண்டும். சபைப் போதகர் ஐயரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், சபையில் நாலு பேர் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும். அவன் கோபத்தோடு சாப்பாடும் தூக்கமும் குறைந்து, படிப்பும் விழுந்து, யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் மட்டும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அது துக்கம் முற்றிப்போவதன் அடையாளமாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு.

மகளைப் பற்றி வயதைத் தவிர ஒரு வார்த்தை எழுதவில்லையே. சொன்னபடி உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபிக்கிறாள் என்பதாலா? அவளுக்கும் போனது அப்பாதான். அடுத்த கடிதத்தில் அவளைப் பற்றி எழுதுங்கள்.