கச்சான் சரையில் ஒரு திதி வெண்பா

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். பல்கலைக்கழகமும் அதன் நூலகமும் ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. அதையொட்டி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறோம். 1981இல் நூலகம் எரிந்ததைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை தர வேண்டும். இன்னொரு கேள்வி. எல்லாமே கைபேசியில் கிடைக்கிற காலத்தில், அடுத்த ஐம்பது ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழக நூலகம் எதைத் திட்டமிட வேண்டும்? புதிய கட்டடமா, கணினிகளா, இரவு முழுவதும் திறந்திருக்கும் வாசிப்பறையா?

ஒரு மாணவி, யாழ்ப்பாணம்

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் ஒரு கோபம். 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது பொது நூலகம். 97,000 நூல்களும் ஏடுகளும் அங்கே போயின. உம்முடைய நூலகம் வேறு. 1974 ஒக்டோபரில் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் வளாகம் தொடங்கியபோது அதோடு பிறந்தது. மூன்று வருடம் அதற்குள் இருந்து படித்துவிட்டு, அதன் பிறந்தநாளுக்கு இன்னொரு நூலகத்தின் சாவைப் பற்றிக் கட்டுரை கேட்கிறீரே. எரிந்ததைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். இந்த மலருக்கு அது வேண்டாம்.

கட்டடம் வரட்டும், கணினி வரட்டும். காசு கிடைத்தால் யாரும் வாங்கலாம். இரவு வாசிப்பறை மட்டும் கட்டாயம் வேண்டும். நான் படித்த 1991இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜன்னலோர மேசைக்காக ஓடுவோம். வெளிச்சம் மங்க மங்கப் புத்தகத்தை ஜன்னல் பக்கம் சரித்துக்கொண்டே போவோம். அதன் பிறகு அறையில் ஜாம் போத்தல் விளக்குத்தான். அந்தக் கண்ணெரிச்சல் உமக்கு வர வேண்டாம்.

சரி, உம்முடைய கடிதம் வந்ததிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருப்பது வேறொன்று. சில வருடங்களுக்கு முன் நல்லூர்த் திருவிழாவில் கச்சான், அதாவது வறுத்த நிலக்கடலை, ஒரு கடதாசிச் சரையில் வாங்கினேன். தின்று முடித்துச் சரையைக் கசக்கப் போனபோது, உள்பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு ஒரு வெண்பா. யாரோ ஒருவர் ஆவணி மாதம் பூர்வபக்கத் தசமியில் இறைவனடி சேர்ந்ததைச் சொல்லும் திதி வெண்பா. கீழே பாதி கிழிந்த வம்சாவளி. பேரப்பிள்ளைகளின் வரிசை சரையின் மடிப்போடு நின்றுவிட்டது. யாரோ வீட்டுக் கல்வெட்டின் ஒரு பக்கம் அது. கச்சான் விற்ற அம்மாவிடம் கேட்டேன். பழைய பேப்பர் கிலோக் கணக்கில் வாங்குகிறோம் தம்பி, எந்த வீட்டுப் பேப்பர் என்று யாருக்குத் தெரியும் என்றார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

கல்வெட்டு என்றதும் கோயில் சுவரை நினைக்கும் தமிழக வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். முன்பெல்லாம் ஊர்ப் புலவர் ஒருவர்தான் பாடுவார். திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், தேறுதல் என்று போகும். பிறகு வம்சாவளி வந்தது, தேவாரமும் சிவபுராணமும் சேர்ந்தன. நினைவு மலர் என்று பெயரும் மாறியது. விலை கிடையாது, கடையில் கிடைக்காது. அன்றைக்கு வந்தவர் வீட்டு அலுமாரியில்தான் இருக்கும்.

எங்கள் அம்மம்மாவிடம் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய இருந்தன. போகிற செத்தவீட்டுக் கல்வெட்டையெல்லாம் அடுக்கி வைப்பார். 1995 ஒக்டோபர் 30 அன்று, போர் நெருங்கி ஊரே வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்தார். ட்ரங்குப் பெட்டியை எப்படித் தூக்குவது? அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஓடுகள் போயிருந்தன, ஒரு மாரி முழுவதும் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. எல்லாம் ஒரே கட்டியாக, மண்ணிறமாக. கத்தியால் மெதுவாகப் பிரித்துப் பார்த்தோம். நடுவில் ஒன்றுதான் வாசிக்கும்படி வந்தது, அம்மம்மாவின் பெரிய தகப்பனாருடையது. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர், ஓய்வூதியத்தோடு ஊர் வந்து பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவர் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அவர் பெயரையே நாங்கள் மறந்திருந்தோம்.

இதை ஏன் பல்கலைக்கழக நூலகத்தின் தலையில் கட்டுகிறேன் என்று கேட்பீர். எந்த ஊரிலிருந்து யார் மலாயாவுக்குப் போனார், எந்தக் காசில் எந்தப் பள்ளிக்கூடம் எழும்பியது, பெண்கள் எத்தனை வயதில் விதவையானார்கள், 1980களுக்குப் பிறகு ஒரே குடும்பம் எப்படி லண்டன், ரொறன்ரோ என்று சிதறியது, எல்லாம் அந்தப் புத்தகங்களில் இருக்கிறது. நூறு கல்வெட்டுகளை ஒரே மேசையில் பரப்பினால் ஒரு கிராமத்தின் நூற்றாண்டு வரும். சமூகவியலும் வரலாறும் படிப்பிக்கிற இடம் அதைச் சேர்க்காமல் வேறு யார் சேர்ப்பது? ஆசிரியர் இல்லை, பதிப்பகம் இல்லை, எப்படிப் பதிவது என்று தயங்க வேண்டாம். நூல்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் டூயி வகைப்பாட்டில் வம்சாவளிக்கென்றே 929 என்ற எண் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் இறந்த ஆண்டையும் சேர்த்தால் ஒரு பட்டியல் எழும்பிவிடும். நூலகம் ஒரு வளரும் உயிர் என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இலேயே விதி எழுதிவிட்டார். உயிர் வளர்வது சாப்பாட்டால். கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பாடநூல்களை மட்டும் ஊட்டினால் அது எந்த ஊர் உயிர்?

உடனே ஸ்கான் செய்து போடுவோம் என்பீர். தெரியும். 2005இலிருந்து 'நூலகம்' என்ற பெயரிலேயே இயங்கும் நிறுவனத்தார் அதைச் செய்து வருகிறார்கள், நினைவு மலர்களும் அவர்களுடைய மின்நூலகத்தில் இருக்கின்றன. அந்த உழைப்புக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் ஸ்கான் செய்வதற்கு முதலில் அந்தப் புத்தகம் கைக்கு வர வேண்டுமே, பிள்ளை! பிள்ளைகள் கனடாவில், வீடு விலைக்குப் போகிறது, தளபாடம் ஒருவருக்கு, அலுமாரிக்குள் இருந்த கடதாசி பேப்பர்காரருக்கு. இது இந்த மாதமும் நடக்கும். அந்த வீட்டுக்கு யார் போவது? வளாகத்தில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஊர் இருக்கிறது. நூலகம் கேட்டு, நீங்கள் போனால் கதவு திறக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்வெட்டு அடிக்கக் காசில்லாத வீடுகள் எத்தனையோ. அடிக்க முடிந்தவர்களும் தங்கள் சாதிப் பெருமையை அதற்குள் வைத்தார்கள். அடிக்காத வீடுகளில் கிழவிகள் இருக்கிறார்கள். கைபேசி என்று சொன்னீரல்லவா, அங்கே அதைக் கொண்டுபோய்ப் பதிவு செய்யும். அதுவும் அதே பட்டியலில், அதே மதிப்போடு இருக்க வேண்டும்.

மலருக்கு என்னுடைய கட்டுரை வேண்டாம். உம்முடைய அப்பப்பாவின் கல்வெட்டு வீட்டில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளும். இருந்தால் அதைப் பற்றி நீரே எழுதும், பிறகு நூலகத்தில் கொடும். எடுக்கும்போது கவனம். மடிப்பில் கடதாசி முறியும், ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடித்து ஒட்டியிருக்கும். கம்பியை நகத்தால் நிமிர்த்தி எடுத்துவிட்டு வெள்ளை நூலால் தையும். லாமினேட் மட்டும் செய்துவிட வேண்டாம்.