வெல்டிங் வாத்தியாரை நேர்முகத் தேர்வில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐடிஐக்கு வெல்டர் பயிற்றுநர் எடுக்கிறோம், நேர்முகத் தேர்வில் என்ன கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகச் சான்றிதழைப் புரட்டிக்கொண்டே "ஆர்க் என்றால் என்ன?" என்று ஆரம்பிப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

மன்னார்குடி பக்கம் சேற்றில் ஓட்ட டிராக்டருக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலும் அறுவடை மெஷினும் பற்றவைத்துப் பிழைப்பவன் நான். பக்கத்துத் தனியார் ஐடிஐயில் ஆள் எடுத்தபோது, தொழில் தெரிந்தவர் என்று என்னையும் கூட உட்கார வைத்தார்கள். வந்த எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "ஒரு பையன் வெல்டிங் ராடை வச்சாலே இரும்புல ஒட்டிக்குது. ஒரு வாரமா இப்படித்தான். என்ன செய்வீங்க?"

பொறியியல் படித்த தம்பி ஒருவர் கரண்ட் குறைவு, ஆர்க் நீளம் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி) போதவில்லை, ராடில் ஈரம் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரியான பதில். அடுத்து வந்தவர் திருப்பிக் கேட்டார்: "எந்த மாசம் சார்? ஐப்பசி, கார்த்திகைன்னா முதல்ல ராடு பாக்கெட்டைப் பாப்பேன், நம்மூர் மழையில நமுத்திருக்கும். காஞ்ச ராடுன்னா, 3.15 மி.மீ. ராடுக்கு 100 ஆம்பியராவது வச்சிருக்கானான்னு பாப்பேன். அதுவும் சரின்னா பையன் பயப்படுறான். மெஷினை அணைச்சுட்டு, தீக்குச்சி உரசுற மாதிரி ராடை உரசிப் பழக்குவேன்."

பிறகு புதிதாகச் சேர்ந்த பையனோடு இருவரையும் பட்டறையில் விட்டோம். முதலாமவர் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைத் தானே வாங்கி அழகாக ஒரு வரி பற்றவைத்துக் காட்டினார். இரண்டாமவர் பையனின் கிளவுஸையும் ஏப்ரனையும் சரிபார்த்தார். ஹோல்டரை அவன் கையிலேயே விட்டுவிட்டு, ஷீல்டு வழியாகப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். அவரைத்தான் எடுத்தோம்.

சான்றிதழே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். ஐடிஐ பயிற்றுநர்களுக்கான சிஐடிஎஸ் பயிற்சி முடித்தவர் கிடைத்தால் விடாதீர்கள். அதில் கற்பிக்கும் முறையே ஒரு பாடம். ஆனால் அவரிடமும் இதைக் கேளுங்கள்: "உங்களால தேத்த முடியாமப் போன பையன் யாரு? அவனுக்கு என்னென்ன செஞ்சு பாத்தீங்க?" பையனை மட்டுமே குறை சொல்பவர் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போனால் "ஐடிஐயா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அறுவடை நேரத்தில் மெஷின் நின்றால் அதே வீட்டிலிருந்துதான் நடுராத்திரியில் போன் வருகிறது.

நாங்கள் எடுத்த அந்த வாத்தியார் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். நிர்வாகம் கொடுத்த சம்பளத்தில் அவரால் குடும்பம் நடத்த முடியவில்லை. நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்பதை நேர்முகத்துக்குக் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்.